எதிரே வருகிறவன் கண்ணில்

கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசராக இருந்தவன் என்று சொன்னால், தூத்துக்குடியில் பாதிப் பேர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் இன்வெர்ட்டர் எது வாங்கலாம் என்று கேட்பார்கள். ஓய்வு பெற்ற இந்தப் பதினோரு வருஷத்தில் நான் பார்த்த உத்தியோகத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்ட கேள்வியைக் கேட்டவன் ஒரே ஒருவன்தான். என் தங்கை மகன். கொச்சியில் வேலை பார்க்கிறான். நண்பன் ஒருவனோடு சேர்ந்து பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருந்தான். "மாமா, படகுல இருந்த பழைய லைட்டெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. புதுசு போடணும். எது வாங்கலாம்?"

அவன் கேட்பதற்கு இரண்டு நாள் முன்னால் தங்கை போன் செய்திருந்தாள். "அண்ணே, அவன் ராத்திரில கடலுக்குப் போறேங்கான். நீ சொன்னாத்தான் கேப்பான்." என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும். ஆனால் எங்கள் தாத்தா கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல். நான் முப்பது வருஷம் கப்பலில் சோறு தின்றவன். கடலுக்குப் போகாதே என்று சொல்லும் வாய் எங்கள் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது? அதனால் விளக்கைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு கொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

படகு 21 அடி. மீட்டரில் சொன்னால் 6.4. ஃபைபர் உடம்பு. பாய்மரத்தின் உச்சி தண்ணீரிலிருந்து 8 மீட்டர் உயரம் இருக்கும். பின்னால் 5 குதிரைசக்தி அவுட்போர்டு ஒன்று தொங்கியது. உள்ளே 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. பிள்ளைகளின் திட்டம், கச்சான் காலமெல்லாம் முடிந்து கடல் அடங்கியிருக்கும் மாதத்தில் கொச்சியிலிருந்து கொல்லம் வரை போவது. ஏறக்குறைய 70 கடல் மைல். அந்தப் படகு மணிக்கு நாலு நாலரை மைல் போகும். ஆக, மாலையில் கிளம்பினால் ராத்திரி முழுக்கக் கடலில்தான்.

அந்தக் கடல் சும்மா கிடக்கும் கடல் இல்லை. கரையோரம் மேலும் கீழும் போகும் கப்பல்கள் உண்டு. நீண்டகரையிலிருந்து புறப்படும் இழுவைப் படகுகள் உண்டு. 2012 மார்ச்சில் ஆலப்புழைக்கு அப்பால், 2017 ஜூனில் கொச்சிக்கு வெளியே, 2018 ஆகஸ்டில் முனம்பத்துக்கு வெளியே என்று கப்பல் மோதி மீன்பிடிப் படகுகள் உடைந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதில் போனவர்கள் பெரும்பாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். இதையெல்லாம் நான் தங்கையிடம் சொல்லவில்லை. மருமகனிடம் சொன்னேன்.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாக.

கடலில் போகும் எதுவானாலும், வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, பின்னால் வெள்ளை. தாத்தா தோணியில் இவை மண்ணெண்ணெய் விளக்குகள். பச்சைக் கண்ணாடி ஒன்று, சிவப்புக் கண்ணாடி ஒன்று. இரண்டுக்கும் பின்னால் கறுப்பு மை பூசிய பலகை. அந்தப் பலகை எதற்கு என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. காற்றுக்கு மறைப்பு என்று நினைத்திருந்தேன். உண்மையில் விளக்கைவிடப் பலகைதான் முக்கியம். பச்சை விளக்கு நேர் முன்பக்கத்திலிருந்து தொடங்கி, வலப்புறமாக 112.5 டிகிரி வரைக்கும்தான் தெரிய வேண்டும். சிவப்பு அதேபோல் இடப்புறம் 112.5. பின்விளக்கு மிச்சமிருக்கும் 135. மூன்றையும் கூட்டினால் 360. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரு நிறம்தான் தெரியும். நேர் எதிரே நிற்பவனுக்கு மட்டும் பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரியும்.

இதனால் என்ன ஆகிறது? இருட்டில் படகே தெரியாவிட்டாலும் அது எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. எனக்குச் சிவப்பு தெரிந்தால் அவனுடைய இடப்பக்கத்தை நான் பார்க்கிறேன். அவன் என் பார்வைக்கு வலமிருந்து இடமாகப் போகிறான். இரண்டு எஞ்சின் கப்பல்கள் குறுக்கிடும்போது தன் வலப்பக்கம் இருப்பவனுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அப்படி வலப்பக்கம் இருந்து குறுக்கே வருகிறவன் காட்டுவது சிவப்பு. அவன் என்னைப் பார்ப்பது பச்சையாக. எனக்குச் சிவப்பு, நில். அவனுக்குப் பச்சை, போ. நம் தெருமுனை சிக்னல்தான்.

இதுதான் நான் மருமகனிடம் முதலில் சொன்னது: "மாப்ளே, இந்த லைட்டு நீ பாக்கதுக்கு இல்ல. உன்னைப் பாக்கிறவன் வாசிக்கிறதுக்கு. அதுல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அவன் தப்பா வாசிப்பான்."

அவன் சட்டம் படித்துவிட்டு வந்திருந்தான். "மாமா, 7 மீட்டருக்குக் குறைஞ்ச பாய்ப்படகுக்கு டார்ச் லைட்டே போதும்னு போட்டிருக்கு. நம்ம படகு 6.4 தானே?"

போட்டிருக்கிறது, உண்மைதான். 1972இல் உலக நாடுகள் கூடி எழுதி, 1977 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மோதல் தடுப்பு விதிகளில் 25ஆவது விதி அது. 7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு, முடியுமானால் முறையான விளக்குகளைப் போட வேண்டும். முடியாவிட்டால் வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச்சோ லாந்தரோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கும்படி நேரத்தோடு காட்ட வேண்டும். அந்த "முடியுமானால்" என்ற வார்த்தையை இவன் வேகமாகத் தாண்டிவிட்டான். துடுப்புப் போடும் சின்ன வள்ளத்துக்கும் கரையோரத்தில் சுற்றும் பிள்ளைகளின் படகுக்கும் கொடுத்த சலுகை அது. பேட்டரி வைத்து, போன் சார்ஜ் செய்ய இடம் வைத்து, பாட்டுக் கேட்க ஸ்பீக்கரும் வைத்திருக்கிற படகு, விளக்கு மட்டும் "முடியாது" என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆனாலும் சட்டம் பேசி ஜெயிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு சம்பவத்தைச் சொன்னேன்.

கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசருக்கு இரவு வாட்ச் கிடையாது. ஆனால் பிரிட்ஜில் நேவிகேஷன் லைட் பேனல் என்று ஒன்று உண்டு. எந்த விளக்கின் பல்பு போனாலும் அது கீச்சென்று கத்தும். எங்கள் காலத்தில் 65 வாட் பல்பு. ஒவ்வொரு விளக்குக்கும் மாற்று விளக்கு ஒன்று கூடவே இருக்கும். இப்படித்தான் ஒரு ராத்திரி, மங்களூருக்கு மேற்கே அரபிக்கடலில், ஒன்றரை மணிக்குப் பேனல் கத்தியது என்று என்னை எழுப்பிவிட்டார்கள். பின்விளக்கு போயிருந்தது. மாற்று விளக்குக்கு மாற்றிவிட்டு, ஃபியூஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செகண்ட் மேட் ஒரு கேரளத்துப் பையன், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

முன்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம். ரேடாரில் பார்த்தால் அலையின் புள்ளிகளுக்கு நடுவே இருக்கிறது, இல்லை, இருக்கிறது. மரப்படகும் ஃபைபர் படகும் ரேடாரில் அப்படித்தான் தெரியும். அந்தப் பையனுடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஒற்றை வெள்ளை வெளிச்சம் எதுவாகவும் இருக்கலாம். நம்மைவிட்டு விலகிப் போகிற கப்பலின் பின்விளக்காக இருக்கலாம். நங்கூரம் போட்டு நிற்கிற படகாக இருக்கலாம். வலையில் கட்டிவிட்ட மிதவை விளக்காக இருக்கலாம். அடிவானத்தில் இறங்குகிற நட்சத்திரமாகக்கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. வெளிச்சம் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. பெரிசாகிக்கொண்டு மட்டும் வந்தது. திசை மாறாமல் நெருங்குகிற வெளிச்சம் என்றால் மோதப் போகிறது என்று அர்த்தம். கடைசியில் அவன் நன்றாக வலப்பக்கம் கப்பலைத் திருப்பினான். முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு பாய் வள்ளம் கடந்து போயிற்று. ஒருவர் கையில் டார்ச். இன்னொருவர் வலைக்குவியல் மேல் எழுந்து உட்கார்ந்து கையை வீசினார். வாழ்த்தினாரா, வைதாரா, தெரியாது.

எங்கள் வேகம் 15 நாட். ஒரு கடல் மைலை நாலு நிமிஷத்தில் கடந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் ஒரு பச்சையையோ சிவப்பையோ பார்த்திருந்தால், முதல் நிமிஷத்திலேயே தீர்ந்திருக்கும் விஷயம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய கப்பலின் பிரிட்ஜிலிருந்து பார்த்தால், கப்பலின் மூக்குக்கு முன்னால் ஒரு துண்டுக் கடல் மறைந்துவிடும். அந்த மறைப்பு இரண்டு கப்பல் நீளமோ 500 மீட்டரோ, எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்பதுதான் பாதுகாப்பு விதி. அதாவது 500 மீட்டர் வரை மறைக்க விதியே இடம் கொடுக்கிறது. அந்தத் துண்டுக்குள் வந்த பிறகு டார்ச் அடித்துப் பிரயோஜனமில்லை.

மருமகன் டார்ச் பேச்சை விட்டுவிட்டான். ஆனால் மறுநாள் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து நீட்டினான். ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். முன்னால் பொருத்துகிற சிவப்பு பச்சை எல்.இ.டி. விளக்கு, 650 ரூபாய். பெட்டி மேல் நங்கூரப் படமெல்லாம் போட்டிருந்தது. எத்தனை டிகிரி, எத்தனை மைல், எந்த நாட்டுச் சான்று என்று ஒரு வரி இல்லை. "நல்லா பளிச்சுனு எரியுது மாமா" என்றான்.

பளிச்சென்றுதான் எரிந்தது. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ராத்திரி அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடிக்குப் போனோம். ஸ்டூல் மேல் விளக்கு, பக்கத்தில் பைக் பேட்டரி. 10 மீட்டர் கயிற்றை ஸ்டூல் காலில் கட்டி, சாக்பீஸால் தரையில் வட்டம் வரைந்தோம். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது பதினேழரை சென்டிமீட்டர். விதிப்படி ஒவ்வொரு நிறமும் நேர் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் மறைந்துவிட வேண்டும். ஆக, இரண்டு நிறமும் சேர்ந்து தெரிகிற பட்டை, எங்கள் வட்டத்தில் மூன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. அவனை வட்டத்தின் மேல் மெதுவாக நடக்கச் சொன்னேன். எட்டடி அகலத்துக்கு இரண்டும் தெரிந்தன. பச்சை பக்கவாட்டைத் தாண்டி, பின்னால் வெள்ளை தெரிய வேண்டிய இடம்வரை ஒழுகிக்கொண்டே போயிற்று. பின்னாலிருந்து முந்திக்கொண்டு வருகிற கப்பல்காரன் அந்தப் பச்சையைப் பார்த்தால், யாரோ குறுக்கே போகிறான் என்று எண்ணிக்கொள்வான்.

அப்புறம் ஸ்டூலின் ஒரு பக்கக் காலுக்கடியில் செங்கல்லை வைத்துச் சாய்த்தேன். பாய்ப்படகு காற்றில் சாய்ந்துதான் ஓடும். அதனால்தான் பாய்ப்படகு விளக்குக்குத் தனிக் கணக்கு: மேலும் கீழும் 25 டிகிரி வரைக்கும் குறைந்தபட்ச வெளிச்சத்தில் பாதியாவது நிற்க வேண்டும். எஞ்சின் படகு விளக்குக்கு அவ்வளவு வேண்டாம், ஏழரை டிகிரி போதும். செங்கல் வைத்ததும் நம் பளிச்சு விளக்கு மங்கி ஏதோ ஊதுவத்திக் கங்கு போல் ஆகிவிட்டது. கீழ்வீட்டு அம்மா துணி எடுக்க வந்தவர், இரண்டு ஆம்பளைகள் இருட்டில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்காமலே இறங்கிப் போனார்.

பழைய விளக்குக் கூட்டுக்குள் வெள்ளை எல்.இ.டி. பல்பை மட்டும் மாற்றிப் போடலாமா என்று அடுத்த யோசனை. அதுவும் சரிப்படாது. அந்தச் சிவப்பு பச்சைக் கண்ணாடி, இழை பல்பின் மஞ்சள் வெளிச்சத்துக்காக அளந்து நிறமேற்றியது. எல்.இ.டி. வெள்ளையில் நீலம் தூக்கலாக, சிவப்பு குறைவாக இருக்கும். அதனால் பச்சை நீலமடிக்கும், சிவப்பு சோர்ந்துபோகும். போதாததற்கு, கூட்டுக்குள் செங்குத்தாக நிற்கிற மெல்லிய இழையை வைத்துத்தான் எங்கே வெளிச்சம் வெட்டுப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பருமனான எல்.இ.டி. பல்பு அந்த வெட்டைக் கெடுத்துவிடும். விளக்கு வாங்கினால் முழு விளக்காக, சான்றோடு வாங்க வேண்டும்.

இனி எந்த இடத்தில் என்ன விளக்கு என்பது. பாய்ப்படகுக்கு இரண்டு வழி உண்டு. அணியத்தில் சிவப்பு பச்சை சேர்ந்த ஒரு விளக்கும், பின்னால் ஒரு வெள்ளை விளக்கும் போடுவது ஒன்று. அல்லது 20 மீட்டருக்குக் குறைந்த படகு, மூன்று நிறத்தையும் ஒரே கூட்டில் அடக்கிய மூவண்ண விளக்கைப் பாய்மர உச்சியில் போட்டுக்கொள்ளலாம்.

நான் உச்சி விளக்கின் கட்சி. அணியத்தில் இருக்கும் விளக்கு தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. ஒன்றரை மீட்டர் அலை எழுந்தால் போதும், கப்பல்காரனுக்கு அது கண்ணைச் சிமிட்டும். முன்பாய் தாழ்ந்து விரிந்தால் ஒரு நிறத்தையே மூடிவிடும். உப்புத்தண்ணீர் வேறு நேராக அதன் மேல்தான் அடிக்கும். எட்டு மீட்டர் உச்சியில் இருக்கும் விளக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பேட்டரிக்கும் ஒரே விளக்கின் செலவுதான்.

ஆனால் ஒரு கண்டிஷன் உண்டு. மூவண்ண விளக்கு, பாயில் மட்டும் ஓடும்போதுதான். அவுட்போர்டை ஓட்டிவிட்டால், பாய் விரிந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது எஞ்சின் படகு. அதற்கு வேறு விளக்கு. இது வெறும் காகித விதி இல்லை. வெட்டவெளிக் கடலில் எஞ்சின் கப்பல் பாய்ப்படகுக்கு விலகிப்போக வேண்டும் என்று ஒரு மரியாதை இருக்கிறது. எஞ்சினை ஓட்டிக்கொண்டு பாய்ப்படகு விளக்கைக் காட்டுகிறவன், இல்லாத உரிமையைக் காட்டி ஏமாற்றுகிறான். அதோடு துறைமுக வாயிலில் எல்லோரும் தண்ணீர் மட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் வந்துவிட்ட படகுக்காரன் அண்ணாந்து பார்க்கவா போகிறான்? அங்கே கீழ் விளக்குதான் நல்லது.

இங்கேதான் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு, முன்பார்க்கும் வெள்ளை விளக்கு, பின்விளக்கு என்று இரண்டு போடுவதற்குப் பதிலாக, நாலாபுறமும் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கையும் பக்க விளக்குகளையும் போட்டால் போதும். மூவண்ண விளக்குக்கு மேலேயே அந்த நாலாபுற வெள்ளையையும் சேர்த்து ஒரே கூடாக விற்கிறார்கள். நங்கூரம் போட்டால் அதே வெள்ளை நங்கூர விளக்காகவும் ஆகிவிடும். ஆக உச்சியில் ஒரு கூடு, அணியத்தில் ஒரு சிவப்பு பச்சை, பின்னால் ஒரு வெள்ளை. பின்வெள்ளை எதற்கு என்றால், உச்சிக்குப் போகும் வயர் நடுக்கடலில் அறுந்தால் கீழே இருக்கும் இரண்டையும் வைத்து ஊர் வந்து சேரலாம்.

விலையைக் கேட்டதும் மருமகனுக்கு முகம் சுண்டிவிட்டது. சான்று பெற்ற உச்சிக் கூடு மட்டுமே 25,000 ரூபாய்க்கு மேல். "மாமா, இம்புட்டு செலவா?" அவன் நண்பன் ஒருபடி மேலே போய், சட்டப்படி பக்க விளக்கு ஒரு மைல் தெரிந்தால் போதுமே, எதற்கு இரண்டு மைல் விளக்கு என்றான். அதுவும் சரிதான், 12 மீட்டருக்குக் குறைந்தால் ஒரு மைல்தான் கட்டாயம். அதற்கு வேண்டிய வெளிச்சம் எவ்வளவு தெரியுமா? 0.9 கேண்டெலா. மாதா கோயிலில் ஏற்றுகிற ஒரு மெழுகுவத்திக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு மைலுக்கு 4.3. ஒரு மைல் விளக்கு, 15 நாட் கப்பல்காரனுக்கு யோசிக்க நாலு நிமிஷம் கொடுக்கும். இரண்டு மைல் விளக்கு எட்டு நிமிஷம் கொடுக்கும். "அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் தம்பி இந்த விலை" என்றேன். இருவரும் மலையாளத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஆர்டர் போட்டார்கள்.

பேட்டரிக் கணக்கில் எனக்குச் சண்டையே வரவில்லை. பழைய 25 வாட் பல்பாக இருந்தால் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மணி நேர ராத்திரிக்கு 25 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். ஆக விடிவதற்கு முன் விளக்கு மங்கும். தூக்கம் கண்ணைச் சுற்றுகிற அந்த மூன்று நாலு மணிக்குத்தான் மங்கும். எல்.இ.டி. கூடு இரண்டரை வாட். ராத்திரி முழுக்க எரிந்தாலும் இரண்டரை ஆம்பியர்-மணிதான். என் உத்தியோக காலத்தில் இது கிடைத்திருந்தால் எத்தனை தடவை மழையில் மாஸ்ட் ஏறாமல் இருந்திருப்பேன்.

வயரில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டு வயரிங்கில் மிஞ்சியதை இழுக்கக்கூடாது. ஈயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட கடல் வயர்தான் வேண்டும். சாதாரணச் செம்பு, உப்புக்காற்றில் ஒரு வருஷத்தில் பச்சை பூத்துக் கறுத்துவிடும். கறுத்தால் வோல்ட் விழும். பழைய பல்பில் வோல்ட் பத்து சதவீதம் விழுந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் விழுந்துவிடும், எல்.இ.டி. அதைச் சமாளிக்கும், ஆனால் கறுத்த வயர் ஒருநாள் அறுந்தே போகும். பாய்மரத்தின் அடியில் இணைப்பு வருகிற இடத்தில் கண்ட இன்சுலேஷன் டேப்பைச் சுற்றாமல், சூடுபட்டால் பசை உருகி இறுகும் ஸ்லீவ் போட்டேன்.

எனக்கு ரொம்பத் திருப்தி தந்த வேலை ஸ்விட்ச். படகில் ஏற்கெனவே ஆறு ஸ்விட்ச் வரிசையாக இருந்தது. இருட்டில், அலையில், கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் போட்டுவிடுவார்கள். உச்சி மூவண்ணமும் கீழ் விளக்குகளும் ஒன்றாக எரிகிற படகை நான் பல துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். மேலே ஒரு சிவப்பு, கீழே ஒரு சிவப்பு. வாசிக்கிறவனுக்கு அது எழுத்தே இல்லை, கிறுக்கல். அதனால் அந்த வரிசையைக் கழற்றிவிட்டு, நாலு நிலை கொண்ட இரட்டைக் கம்ப ரோட்டரி ஸ்விட்ச் ஒன்றைப் போட்டேன். திருகினால் அணைப்பு, பாய், எஞ்சின், நங்கூரம். பாயில் மூவண்ணம் மட்டும். எஞ்சினில் உச்சி வெள்ளையும் அணியத்துச் சிவப்பு பச்சையும். நங்கூரத்தில் உச்சி வெள்ளை மட்டும். தப்பாகப் போடவே முடியாது. பின்விளக்கோடு சேர்ந்த மாற்று ஏற்பாட்டுக்குத் தனி ஸ்விட்ச், அதற்குச் சிவப்பு மூடி. கடையில் வாங்கிய எந்தப் பேனலிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பெருமைதான், இருக்கட்டும்.

ஒரு சோதனை பாக்கி இருந்தது. சில எல்.இ.டி. விளக்குகளின் உள்ளிருக்கும் மின்சுற்று, வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. உச்சியில் ஏரியலும் விளக்கும் ஒட்டி இருக்கும்போது கேட்கவே வேண்டாம். செய்முறை சுலபம். யாரும் பேசாத சேனலில் ரேடியோவை வைத்து, இரைச்சல் சரியாக அடங்குகிற இடம்வரை ஸ்குவெல்ச்சைத் திருகி நிறுத்திவிட்டு விளக்கைப் போட வேண்டும். ரேடியோ சீறினால் விளக்கு ஆகாது. 650 ரூபாய் விளக்கை வேடிக்கைக்காக அருகில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல் சீறியது. புது விளக்கு அமைதியாக இருந்தது.

நம் கரையிலும் இப்போது ராத்திரியில் பார்க்கிறேன். வள்ளங்களில் கல்யாண வீட்டு சீரியல் செட் போல் நீலமும் சிவப்பும் பச்சையுமாக மின்னுகிற விளக்குகள். மீன்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கப்பல் தங்களைப் பார்க்கவில்லை என்ற பயத்தில்தான் அதைக் கட்டுகிறார்கள். தாத்தா காலத்தில் கப்பல் நெருங்கினால் பனையோலையைக் கொளுத்தித் தூக்கிக் காட்டுவார்களாம், அதே பயம்தான். வலை போட்டு நிற்கிற படகு மேலே சிவப்பும் கீழே வெள்ளையும், இழுவைப் படகு மேலே பச்சையும் கீழே வெள்ளையும் காட்டினால் உலகத்தில் எந்தக் கப்பல்காரனும் வாசித்துவிடுவான். மின்னுகிற பத்து விளக்கைவிட இந்த இரண்டும் மலிவு. இதை யாராவது மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டு சங்கத்துக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் ஆர்வமாகக் கேட்டார், ஒருவர் காபி வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளைகள் பிப்ரவரியில் ஒரு மாலை கிளம்பினார்கள். என் முழங்கால் படகுக்கு ஒத்துவராது என்பதால் நான் போகவில்லை. நான் வாங்கிக் கொடுத்த பெரிய டார்ச்சும் கூடப் போயிற்று. கப்பல் கிட்டே வந்தால் அதைக் கப்பலைப் பார்த்து அடிக்காமல், தன் பாயின் மேல் அடிக்கச் சொல்லியிருந்தேன். வெள்ளைப் பாய் வெளிச்சத்தில் வீட்டுச் சுவர் போல் எழுந்து நிற்கும்.

காலை எட்டரைக்குக் கொல்லத்திலிருந்து போன் வந்தது. முதலில் அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் என்னிடம் பேசினான். அவளிடம் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் வேறு சொன்னான். மூன்று மணி வாக்கில், நீண்டகரைக்கு வெளியே, தெற்கிலிருந்து ஒரு கப்பல் நேர் எதிரே வந்திருக்கிறது. இரண்டு வெள்ளை விளக்கு ஒன்றன்மேல் ஒன்றாக, அதற்குக் கீழே பச்சை, சிவப்பு இரண்டும். அதாவது மூக்கை நேராக இவர்களை நோக்கி வைத்துக்கொண்டு வருகிறது. இவன் கை டார்ச்சுக்குப் போயிருக்கிறது.

"அடிக்கதுக்கு முன்னாலயே மாமா, மேல இருந்த ரெண்டு வெள்ளையும் மெதுவா விலகுச்சு. அப்புறம் பச்சை அணைஞ்சுபோச்சு. சிவப்பு மட்டும் நின்னுது. அவன் திரும்பிட்டான்."

"எவ்வளவு தூரத்துல?"

"ஒன்றரை மைல் இருக்கும்."

தங்கைக்கு இன்னும் இதைச் சொல்லவில்லை. பின்விளக்கின் ரப்பர் வாஷர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதாம். அடுத்த மாதம் கொச்சிக்குப் போகும்போது மாற்ற வேண்டும்.